பாடியவர் முகம் எங்கே?

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில், சனி ஞாயிறு விடியற்காலைகளில், உப்பளத்தை ஒட்டி நாலைந்து கார்கள் நிற்கும். பெரும்பாலும் ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு வந்த ஜோடிகள். அவர்களுக்கு நடுவே வேறு மாதிரி ஒரு கூட்டமும் இப்போது தட்டுப்படுகிறது. அதில் ஜோடி இருக்காது. ஒரே ஒரு பெண்ணோ பையனோ வரப்பின்மேல் நிற்க, சுற்றி மூன்று நான்கு நண்பர்கள். ஒருவர் கையில் கேமரா. இன்னொருவர் வெள்ளைத் தெர்மாகோல் பலகையை முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருப்பார்.

கடல் பக்கமிருந்து வெயில் ஏறும்போது நிற்பவரின் முகம் இருட்டாகிவிடும். பாத்தியில் தேங்கிய தண்ணீர் பளிச்சென்று அடிக்கும். அந்த இருட்டை நிரப்பத்தான் தெர்மாகோல். வெள்ளி ரிஃப்ளெக்டர் கண்ணைக் கூசவைக்கும், முகத்தில் எண்ணெய் வழிவதாகக் காட்டும். தெர்மாகோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இதமானது. கோடம்பாக்கத்து லைட்மேன்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. காற்று கிளம்பிவிட்டால் பலகை கையில் நிற்காது. எட்டு மணிக்கு மேல் உப்புப் பாத்தியைப் பார்க்கவே முடியாது. ஆகவே ஐந்தரைக்கு வந்து ஏழரைக்குள் முடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

எங்கிருந்து வருகிறார்கள்? சிறுசேரி, நாவலூர், படூர் அடுக்ககங்களிலிருந்து. சிலர் தாம்பரம், வண்டலூர் பக்கமிருந்து மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாக. திங்கள் முதல் வெள்ளி வரை சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவில் ஏதோ ஒரு கட்டிடத்தில் கணினி முன்னால் இருப்பவர்கள் இவர்களில் நிறையப் பேர். படுக்கையறை மூலையில் மைக் வைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பதிவு செய்த ஒரு பாட்டு கையில் இருக்கும். அடுத்த மாதம் சிங்கிளாக விடப் போகிறார்கள். அதற்கு ஒரு கவர் வேண்டும்.

அந்தக் கவர் கடைசியில் கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியப்போகிறது. அதற்கா இத்தனை பாடு? ஆம், அதற்குத்தான். தமிழில் பாட்டுப் பாடுகிறவர் தன் பாட்டுக்குத் தானே முகமாக நிற்பது புதிய விஷயம். நூறாண்டுக்கு மேல் நம் குரல்களுக்குப் பெரும்பாலும் அட்டையில் முகமே இல்லை, இருந்தாலும் வேறு யாருடைய முகமோதான்.

இரவல் முகம்

கிராமபோன் பிளேட் காலத்தில் முகமே கிடையாது. பழுப்புக் காகித உறை, நடுவே வட்டமாக ஓர் ஓட்டை, அந்த ஓட்டை வழியாகத் தெரியும் லேபிளில் பாடகர் பெயர். அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் 1940 வாக்கில் உறையின் மேல் ஓவியம் போடலாம் என்று நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்கும்வரை. விற்பனை ஏறியது. அதன் பிறகு படமில்லாத இசைத்தட்டு அங்கே அரிதாயிற்று.

நம்மூருக்கு எல்.பி. இசைத்தட்டு வந்தபோது பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகியிருந்தது. உறையில் யார் இருப்பார்கள்? எம்.ஜி.ஆர். இருப்பார், சிவாஜி இருப்பார். இருவருக்கும் பாடிய டி.எம்.சௌந்தரராஜனின் பெயர் பின்பக்கம் பாடல் பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். பி.சுசீலாவின் குரலைக் கேட்டு உருகியவர்களில் எத்தனை பேருக்கு அன்று அவர் முகம் தெரிந்திருக்கும்? படத்தின் ஸ்டில்கள் கைவசம் இருந்தன. சுவரொட்டி டிசைன் தயாராக இருந்தது. இசைத்தட்டுக்கென்று தனியாக ஓர் ஓவியரையோ புகைப்படக்காரரையோ தேட வேண்டிய அவசியம் கம்பெனிகளுக்கு எழவில்லை. பக்திப் பாட்டு கேசட்டில் முருகனும் மாரியம்மனும் இருந்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜு வழி வந்த காலண்டர் முகங்கள் அவை. சாமி பாட்டுக்குச் சாமி படம் முறைதான். ஆனால் அங்கும் பாடியவருக்கு மூலையில் ஒரு சதுரம்தான்.

எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. தமிழ் வாசகனுக்கு நல்ல அட்டை என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை. கே.எம்.ஆதிமூலத்தின் கோடுகளும் எழுத்துகளும், டிராட்ஸ்கி மருதுவின் ஓவியங்களும் சிறுபத்திரிகைகளையும் புத்தகங்களையும் அலங்கரித்த நாடு இது. கே.சி.எஸ்.பணிக்கர் 1966-ல் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில், இதே தென்சென்னைக் கடற்கரையில் இருக்கிறது. நவீன ஓவியம் கவிதைப் புத்தகத்தின் அட்டைக்குச் சகஜமாக வந்து சேர்ந்தது. பாட்டுக்கு வந்து சேரவில்லை. நடுவே சினிமா நின்றது.

தொண்ணூறுகளில் கொஞ்சம் கதவு திறந்தது. ரோஜாவுக்கு முந்தைய வருடம், 1991-ல், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் மால்குடி சுபா பாடிய 'செட் மீ ஃப்ரீ' வந்தது. 1995-ல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா', அடுத்த வருடம் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்த 'கலோனியல் கசின்ஸ்'. பாடுகிறவரே அட்டைக்கு நாயகராக நின்ற காலம். கேசட் உறையின் முன்பக்கம் ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் இடம் முழுக்கப் பாடியவருடையது. அந்த அலை பத்து வருடத்துக்குள் வடிந்துவிட்டது. 2012-ல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' வந்தபோது பழைய ஆர்வம் திரும்பியது. ஆனால் அதற்கும் முன்பே, வேறொரு ஊரில், ஒரு தமிழ்ப் பெண் இந்தக் கணக்கையே தலைகீழாக மாற்றியிருந்தார்.

அட்டையை முதலில் செய்தவர்

எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் 1975-ல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். போருக்கு நடுவே வளர்ந்தார். இடையில் சென்னையிலும் குடும்பம் சில காலம் இருந்தது. எண்பதுகளின் நடுவில் அம்மாவோடு அகதியாக லண்டன் திரும்பினார். பாடகியானது பிற்பாடு. அவர் படித்தது சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில், நுண்கலையும் திரைப்படமும் காணொலியும்.

இசை உலகுக்குள் அவர் நுழைந்ததே ஓர் அட்டை வழியாகத்தான். எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'த மெனஸ்' ஆல்பத்துக்கு 2000-ல் அட்டைப்படம் செய்து கொடுத்தார். அந்தக் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் கூடப் போனார். அந்தப் பயணத்தில்தான் பீச்சஸ் என்ற பாடகி அவருக்கு ஒரு ரோலண்ட் எம்.சி.505 தாளக்கருவியை அறிமுகம் செய்தார். அடுத்த வருடம் லண்டன் போர்ட்டபெல்லோ வீதியில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. ஸ்டென்சில் வைத்து ஸ்ப்ரே அடித்தவை; ஈழத்துப் போரின் உருவங்கள் லண்டன் தெருவின் கூச்சல் நிறங்களில். பாட்டுக்கு முன்பே அவருக்கென்று ஒரு நிறமும் கோடும் இருந்தன.

ஸ்டென்சில் ஒன்றும் நமக்கு அந்நியமில்லை. சிறுசேரியில் ஏதாவது ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள்: தகரத்தில் வெட்டி, பெயின்ட் தடவிப் போட்ட எண். 'நோட்டீஸ் ஒட்டாதே' என்று மதில் சுவரில் வரிசையாக இருப்பதும் அதே வேலை. ஓரத்தில் பெயின்ட் கசியும், ஒன்று சாயும், அடுத்தது நிமிரும். ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப அடித்தாலும் ஒவ்வொன்றிலும் கை நடுங்கிய இடம் தெரியும். அட்டை வெட்டவும் ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கவும் பணம் இருந்தால் போதும். ஸ்டுடியோவும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். கையில் காசில்லாதவரின் அச்சுக்கூடம் அது.

2005-ல் அவருடைய முதல் ஆல்பம் வந்தபோது அதன் அட்டையிலும் இதே கைவேலைதான். அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்' ஆல்பத்தின் பெயராயிற்று. கல்லூரி நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜும் அவருமாக வடிவமைத்தார்கள். நடுவே அவர் முகம்; சுற்றிலும் டாங்கிகளும் துப்பாக்கிகளும் புலிகளும் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில். ஆயுதத்தை அழகுபடுத்துகிறார் என்று குற்றச்சாட்டு வந்தது. இன்றுவரை அது ஓயவில்லை. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உறையைப் பார்த்தவருக்கு, ஊசி தட்டில் இறங்கும் முன்பே, இந்தப் பெண் எங்கிருந்து வருகிறாள் என்று தெரிந்துவிட்டது.

இரண்டாவது ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர்: 'கலா'. 2007. அமெரிக்காவில் பதிவு செய்ய நினைத்தவருக்கு விசா சிக்கல். ஊர் ஊராகப் போனார். சென்னைக்கும் வந்தார். ஏ.ஆர்.ரஹ்மானின் கோடம்பாக்கத்து ஸ்டுடியோவில் நம்மூர் உறுமி அடிப்பவர்களைக் கொண்டு தாளங்களைப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டின் காணொலியைத் தமிழ்நாட்டு மீனவக் கிராமத்தில் அவரே இயக்கினார். ஆல்பம் அட்டையில் பளீர் நிறக் கோலங்கள் கண்ணாடி பிம்பங்களாக விரிய, போராடச் சொல்லும் ஒரே வாசகம் அவரைச் சுற்றித் திரும்பத் திரும்ப ஓடுகிறது. லண்டன் பத்திரிகைகள் அதில் எத்தனையோ நாட்டுச் சாயலைக் கண்டன. எனக்கு அதில் நம்மூர்க் கடைத்தெருவும் தெரிகிறது: திருவிழா சீரியல் செட், பிளெக்ஸ் போர்டு, ஷேர் ஆட்டோவின் ரேடியம் ஸ்டிக்கர்.

மூன்றாவதான 'மாயா' 2010-ல் வந்தது. அதன் அட்டையில் யூடியூபின் ஓட்டப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தன் முகத்தையே ஏறக்குறைய மறைத்துக்கொண்டார். கண்ணை உறுத்துகிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். முகத்தைக் காட்டுவதும் மறைப்பதும் பாடியவரே எடுக்கும் முடிவு என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது என்று நான் நினைக்கிறேன். பின்னணிப் பாடகிக்கு அந்த முடிவு ஒருநாளும் கையில் இருந்ததில்லை.

விடுபட்ட ஒருவர்

2021 மார்ச் 7. 'என்ஜாய் என்ஜாமி' வெளியாயிற்று. பாடகி தீயும் ராப் பாடகர் தெருக்குரல் அறிவும் பாட, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிக்க, மாஜா என்ற நிறுவனம் வெளியிட்டது. காணொலியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய மூதாதையரின் கதை அறிவு குடும்பத்தின் கதை; அவருடைய பாட்டி வள்ளியம்மாள் காணொலியில் தோன்றுகிறார். சினிமா நட்சத்திரம் ஒருவர்கூட இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு உலகைச் சுற்றியது. பாடியவர்கள் முகமும், பாட்டு யாரைப் பற்றியதோ அவருடைய முகமும் ஒரே சட்டகத்தில் இருந்தன. தமிழ்ப் பாட்டின் வரலாற்றில் அது சின்ன விஷயமல்ல.

பிறகு என்ன நடந்தது என்பதை எல்லோரும் அறிவோம். பிரெஞ்சு டிஜே ஸ்னேக் அந்தப் பாட்டை ரீமிக்ஸ் செய்தார். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் ஸ்பாட்டிஃபை விளம்பரப் பலகையில் அவரும் தீயும் இருந்தார்கள், அறிவு இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் கனடாத் தமிழரான ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அவர்கள் இருவருக்கும் பெருமை சேர்த்த பாடல்களாக 'என்ஜாய் என்ஜாமி', 'நீயே ஒளி' இரண்டையும் சேர்த்தே பேசினார்கள். முதலாவதை எழுதிப் பாடியவர் அறிவு. இரண்டாவதன் வரிகளிலும் அவர் பங்கு உண்டு. இயக்குநர் பா.இரஞ்சித் பொதுவெளியில் கேள்வி எழுப்பினார்: அறிவு மறுபடியும் கண்ணில் படாமல் ஆக்கப்பட்டிருக்கிறாரே என்று. விவாதம் பற்றிக்கொண்டது. சில நாட்களில் அந்த இதழ் அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது.

அப்போது சிலர் கேட்டார்கள்: ஓர் அட்டைப்படத்துக்கு இத்தனை சண்டையா, பாட்டு எல்லோர் காதிலும் இருக்கிறதே போதாதா? போதாது. நிலம் உழுதவனுக்கு இடமில்லை என்று பாடும் பாட்டு. எழுதியவன் தலித் இளைஞன். அந்தப் பாட்டின் படத்திலிருந்தே அவன் நகர்ந்துபோனால் யாருக்குத்தான் உறுத்தாது? படத்தில் நின்ற இருவரையும் இதற்குக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களும் தங்கள் குரலால் மேலே வந்தவர்கள். சட்டகத்தை வெட்டுகிற கை எது, எந்த நேரத்தில், யாரைக் கேட்டு வெட்டுகிறது என்பதுதான் கேள்வி.

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்' அட்டை உலகப் புகழ் பெற்றது. 1967 மார்ச் 30-ல் மைக்கேல் கூப்பர் அதைப் படமெடுத்தார். கூட்டமாக நிற்கும் உருவங்களுக்கு நடுவே மகாத்மா காந்தியும் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும் என்று ஈ.எம்.ஐ. தலைவர் ஜோசஃப் லாக்வுட் அஞ்ச, காந்தி நீக்கப்பட்டார். பரமஹம்ச யோகானந்தர் உட்பட நான்கு யோகிகள் தப்பினார்கள். அந்த அட்டையை உருவாக்கியவர்கள் பீட்டர் பிளேக், ஜான் ஹாவர்த் என்ற அன்றைய தம்பதி. கிராமி விருதும் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. ஆனால் பேச்சு வரும்போதெல்லாம் பிளேக் பெயர் மட்டும்தான் வருகிறது. ஹாவர்த் அன்று அவருடைய மனைவி. அட்டையில் நிற்கும் துணி பொம்மைகளைச் செய்தவர். அட்டைக்குள் இருப்பவர் மட்டுமல்ல, அட்டையைச் செய்தவரும் மறைந்துபோவது இந்தத் தொழிலின் வியாதி.

இதற்கு நேர் எதிர் அனுபவம் ஒன்றும் நமக்கு உண்டு. 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. வடசென்னை கானாக்காரர்களும் ராப்பர்களும் சாம்பல் நிறக் கோட் சூட்டில் வரிசையாக நின்றார்கள். சினிமா அதுவரை கானா பாடுபவனுக்குக் கொடுத்த உடுப்பு லுங்கியும் கழுத்துக் கர்ச்சீப்பும். அந்தச் சாம்பல் சூட்டைப் பார்த்ததும் அம்பேத்கர் நினைவுக்கு வராதவர் யார்? குழுவின் ஒரே பெண் இசைவாணி பின்னர் 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆல்பம் வரும் முன்பே, ஒரு தையல்காரர் கையால், இந்தக் குழுவின் அட்டைப்படம் தயாராகிவிட்டது என்றே சொல்வேன்.

மூவாயிரம் பிக்சல் சதுரம்

சிறுசேரிக்கு வருவோம். ஷூட் முடிந்ததும் வேலை பாதிதான் முடிந்தது. ஞாயிறு மதியம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் அடுத்த ஞாயிறு வரை இழுக்கும். எடுத்த நானூறு படத்தில் பத்தைப் பொறுக்க வேண்டும். பாடியவருக்குப் பிடித்தது ஒன்று, புகைப்படக்காரருக்குப் பிடித்தது ஒன்று. இந்த இடத்தில் என் கட்சி புகைப்படக்காரர் கட்சி. தன் முகத்தில் எது நன்றாக இருக்கிறது என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம் இருக்கும். பாட்டுக்கு எது பொருந்துகிறது என்பது வெளியே நிற்பவருக்குத்தான் தெரியும்.

பாட்டை ஆன்லைனில் ஏற்றும் விநியோக நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பது 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இணைய முகவரி கூடாது, போன் நம்பர் கூடாது, விலை கூடாது, இன்ஸ்டாகிராம் பெயர்கூடக் கூடாது. நம்மூர் நோட்டீஸ் பழக்கத்தில் எல்லாவற்றையும் உள்ளே திணித்து அனுப்பி, கவர் திரும்பி வந்த பிறகுதான் பலரும் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். திரையில் கத்தும் பச்சையும் ஊதாவும் சிவகாசியில் நாலு வண்ண அச்சுக்குப் போனால் மங்கி வரும். போஸ்டரும் அடிப்பதாக இருந்தால் முதலிலேயே அதற்கு வேறு ஃபைல் வேண்டும்.

எல்லாவற்றிலும் சிரமம் தமிழ் எழுத்து. பெரிதாக வைத்தால் அழகு. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள்: ணு, ஞ, லூ எல்லாம் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாகிவிடும். கொம்பும் காலும் வந்தால் தலைப்பு அகலத்தில் ஓடும், சதுரம் போதாது. இதற்குப் பயந்துதான் பலர் ஆங்கிலத்தில் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: பயப்பட வேண்டாம். பத்து வருடங்களுக்கு முன்பு இருந்த நிலை இப்போது இல்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த பவனம், கவிவனார், பிரியா ரவிச்சந்திரன் செய்த கட்டமரன் போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் சுழிகளுக்குள் காற்றோட்டம் இருக்கிறது. அதைவிட நல்லது, ஆதிமூலம் செய்தது போலத் தூரிகையை எடுத்துக் கையால் எழுதுவது. இரண்டு எழுத்துத் தலைப்பு போதும் என்றால் இரண்டு எழுத்தோடு நிறுத்துவது. தலைப்பே இல்லாமல் முகம் மட்டும் வைத்தாலும் பாதகமில்லை. பாட்டின் பெயர் பக்கத்திலேயே செயலி காட்டுகிறது.

பின்புலத்துக்கு என்ன வைப்பது? டி.சி.எஸ். வளாகத்தின் பட்டாம்பூச்சிக் கட்டிடம் உருகுவே கட்டிடக்கலைஞர் கார்லோஸ் ஓட் கையால் வந்தது, வெளிநாட்டவரும் வியப்பது. ஆனால் வெளிச்சாலையில் நின்று எடுத்தால் காவலாளி விசில் ஊதுவார். ஊதட்டும், அது பரவாயில்லை. இந்த ஊரின் உண்மையான படம் வேறு இடத்தில் இருக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரப்போகும் மெட்ரோவுக்காக ஓ.எம்.ஆர். நெடுகத் தூண்கள் எழும்பி நிற்கின்றன. நடுவே தகரத் தடுப்பு. இரவு ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ். அடுக்ககத்தின் இருபதாவது மாடிக்குக் கீழே, ஏரிக்கரையில், மாடு. தையூர் ஏரிப் பக்கம் மிச்சமிருக்கும் பனைகள். நியூயார்க் சுவர்க் கிறுக்கல் போல ஒரு சுவரைத் தேடி அலைகிற தம்பிகளே, தங்கைகளே, எம்.ஐ.ஏ. லண்டனில் உட்கார்ந்து தேடியது நம் ஊர்ச் சுவரைத்தான்.

இப்போது இன்னொரு வழியும் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் கவர் கொடுத்துவிடுகிறது. காசில்லாதவர் அதை நாடுவதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் நூறு வருடம் இரவல் முகத்தோடு பாடிவிட்டு, சொந்த முகம் வைக்க முதல்முறையாக இடம் கிடைத்த நேரத்தில், எங்குமே இல்லாத ஒருவருடைய முகத்தை அங்கே வைப்பதா? 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ரஹ்மான் இந்த நுட்பத்தால் மீட்டபோது, இரு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். குரலுக்கு அந்த மரியாதை என்றால் படத்துக்கும் அதுவே.

பெயர் போடும் இடம்

நண்பருக்கு நண்பர் செய்யும் வேலையில் யாரும் காகிதம் எழுதுவதில்லை. "மச்சான், ஒரு சின்ன கரெக்‌ஷன்" என்று பதினோராவது முறை கேட்டபோதுதான் கசப்பு ஆரம்பமாகிறது. பாட்டு ஓடிவிட்டால் கசப்பு இரட்டிப்பாகும். ஏதாவது ஒரு லேபிள் வந்து "ஓபன் ஃபைல் கொடுங்க" என்று கேட்கும். யார் கொடுப்பது, யாருடையது அது?

சட்டம் என்ன சொல்கிறது என்று இந்தப் பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். புகைப்படக்காரர் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பினால் ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் வாய்மொழியாகப் பேசியதை நம்பியிருந்தால் வழக்கு என்று வரும்போது அலைச்சல்தான். காசு வாங்காமல் நட்புக்காக எடுத்தால் கணக்கு வேறு: உரிமை எடுத்தவரிடமே நிற்கும். பல பாடகர்களுக்கு இது தெரியாது. தன் முகம் என்பதால் தன் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

57-ஆம் பிரிவு அதைவிட முக்கியம். உரிமையை முழுக்க எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், இதைச் செய்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது. தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் அவரால் முடியும். 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் மற்றப் படைப்புகளைப் போலவே, எடுத்தவர் ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. உப்பளத்தில் இன்று காலை எடுத்த படம் எடுத்தவரின் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசப்படலாம்.

பாட்டுச் செயலிகளின் கிரெடிட் பக்கத்தில் பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் இருப்பார்கள். கவர் செய்தவருக்குப் பெரும்பாலும் அங்கே இடமில்லை. எல்.பி. உறையின் பின்பக்கத்தில் கடைசி வரியிலாவது இருந்த இடம் அது. டிஜிட்டலில் அதுவும் போயிற்று. அமெரிக்காவின் கிராமி 1959-ல் நடந்த முதல் விழாவிலேயே ஆல்பம் அட்டைக்கென்று ஒரு விருது வைத்தது. நம்மிடம் விருதுகூட வேண்டாம். யூடியூப் விவரக் குறிப்பில், ஸ்பான்சர் பெயருக்கு மேலே, இரண்டு வரி போதும்: படம் இன்னார், வடிவமைப்பு இன்னார். தலைப்பைக் கையால் எழுதியவர் தனி ஆளாக இருந்தால் அவருக்கும் ஒரு வரி. தெர்மாகோல் பிடித்த நண்பரின் பெயரையும் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வெளியீட்டுக்கு முந்தைய இரவு அவசர அவசரமாகச் செய்யாமல், ஷூட்டுக்குத் தேதி குறிக்கும் அன்றே அந்த இரண்டு வரியையும் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.